படத்துக்குக் கீழே ஒரு வரி

"பிரெஞ்சு இலக்கியத்துல கடமலைக்குண்டு எங்கப்பா வருது?"

என் ஆய்வுத் தலைப்பை முதல் தடவை ஒரு குழு முன்னாடி வாசித்தபோது வந்த கேள்வி. எந்த ஊர்ப் பல்கலைக்கழகம், யார் கேட்டது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கேட்டவர் கெட்டவர் இல்லை. அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. ஆண்டிபட்டி தாண்டி, கண்டமனூர் தாண்டி, இலவம்பஞ்சு மரங்கள் தெரிகிற வரைக்கும் அதே யோசனை. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இந்தப் படிப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்க வீட்டிலேயே இன்னும் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. பிரெஞ்சு ஆய்வு என்றால் பிரான்ஸ் நாட்டு மொழி, இலக்கியம், சிந்தனை. பிராங்கோபோன் ஆய்வு என்றால் பிரான்ஸுக்கு வெளியே அந்த மொழி போய்ச் சேர்ந்த இடங்கள்: செனகல், அல்ஜீரியா, மார்த்தினிக், குவாதலூப், ரீயூனியன், மொரீஷியஸ், நம்ம புதுச்சேரியும் காரைக்காலும். காட்சிப் பண்பாடு என்றால் ஓவியம், போட்டோ, சினிமா, காலண்டர், போஸ்டர், பேனர் என்று கண்ணுக்கு முன்னால் தொங்குகிற எதுவும், அதைவிட முக்கியமாக, அதை யார் யாருக்குக் காட்டுகிறார்கள் என்ற கேள்வியும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிப் படிக்கிற முனைவர் பட்டப் படிப்புகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இப்போது இருக்கின்றன. நம்ம ஊரில் பிரெஞ்சு முனைவர் பட்டம் என்றால் காம்யு, துராஸ், கொஞ்சம் தைரியம் இருந்தால் எமே செசேர். எல்லாம் நல்ல எழுத்து, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரெஞ்சு மொழி நம்மைப் படம் பிடித்து, அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. ஒரு வரி என்ன, புத்தகமே எழுதி வைத்திருக்கிறது. அதை நாம் படிக்காமல் வேறு யார் படிப்பது?

அந்தக் கீழே இருக்கிற வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. படத்தைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். படக்குறிப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. மொழியும் படமும் ஒன்றை ஒன்று தொடுகிற இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லூயி மாலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1968இல் லூயி மால், கேமராவுக்கு எத்தியேன் பெக்கர், ஒலிப்பதிவுக்கு ழான்-குளோத் லோரோ என்று மூன்றே பேர் இந்தியாவைச் சுற்றினார்கள். அதிலிருந்து வந்தது 'லேந்த் ஃபாந்தோம்', 'மாய இந்தியா' என்று சொல்லலாம். ஏழு பாகம், மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல். 1969இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தது. அடுத்த வருஷம் பிபிசி காட்டியதும் டெல்லியில் கோபம் வந்து, பிபிசியின் டெல்லி அலுவலகத்தையே மூட வைத்தார்கள். இந்தியாவை ஏழை நாடாகக் காட்டிவிட்டார் என்பது புகார். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. ஏழை இருந்தால் படத்தில் ஏழை வரத்தான் செய்வார்.

என் சண்டை வேறு. முதல் பாகத்துக்கு மால் வைத்த பெயர் 'இயலாத கேமரா'. ஆரம்பத்திலேயே ஆங்கிலம் பேசுகிற படித்த இந்தியர்களைக் காட்டி, இவர்கள் மிகச் சிறுபான்மை, இவர்கள் வாய் வழியாக நான் இந்தியாவைக் கேட்கப் போவதில்லை என்று ஒதுக்கிவிடுகிறார். நல்ல முடிவு. அப்புறம் கிராமத்தில் போய் கேமராவை வைக்கிறார். மக்கள் திரும்பி கேமராவையே பார்க்கிறார்கள். 'பார்க்காதீங்க'ன்னு சொல்லாமல் அந்தப் பார்வையை அப்படியே விட்டுவைக்கிறார். இதுவும் நல்ல முடிவு. இந்த இடத்துக்காக உலகம் முழுக்க அவரைப் பாராட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்களை ஒதுக்கிய பிறகு யார் பேசுகிறார்கள்? மால் மட்டும்தான். மற்றவர்கள் பேசுகிற தமிழோ இந்தியோ பெரும்பாலும் ஓசையாகவே நிற்கிறது. அதற்கு மேலே பாரிஸில் உட்கார்ந்து அவர் பதிவு செய்த குரல் ஓடுகிறது. அந்தக் குரல் அடிக்கடி சொல்வது, எனக்குப் புரியவில்லை என்பது. முதல் தடவை கேட்கும்போது அடக்கமாகத் தெரியும். நாலாவது தடவை கேட்கும்போது எனக்கு எரிச்சல் வந்தது. புரியவில்லை என்றால் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்கலாமே? 'புரியவில்லை' என்பதும் ஒரு படக்குறிப்புதான். அதைப் பிரெஞ்சில், அழகான குரலில் சொன்னால், பார்க்கிறவனுக்கு அந்தப் படம் புரியவே முடியாத படம் ஆகிவிடுகிறது. தேர் இழுக்கிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரியும்.

தேர் என்றதும் இரண்டாம் பாகத்துக்கு வந்துவிட்டேன். 'மெட்ராஸில் பார்த்தவை' என்பது பெயர். நமக்கு இதுதான் முக்கியம். மயிலாப்பூர்த் தேர், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம், ஒரு சினிமா ஸ்டூடியோ, கலாக்ஷேத்ரா. ஸ்டூடியோவில் நடக்கிறது 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பு. கலாக்ஷேத்ராவில் இளம் மாணவிகள் பயிற்சி செய்கிறார்கள். கேமரா அவர்களை விட்டு நகர மனமில்லாமல் நிற்கிறது. அங்கே மாலின் குரலில் இருக்கிற உருக்கம் ஸ்டூடியோவில் இல்லை. பார்க்கிற பிரெஞ்சுக்காரர் எளிதாக ஒரு முடிவுக்கு வருவார்: மரத்தடியில் ஆடுவது அசல் கலை, அட்டைச் சுவருக்கு முன்னால் ஆடுவது வியாபாரம்.

நம்ம ஊரில் டிவியில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டால் சமையலை நிறுத்திவிட்டு வந்து உட்காருகிற வீட்டிலிருந்து வந்தவனுக்கு இந்த இடத்தில் தூக்கிவாரிப் போடும். அந்தப் படத்தின் கதை என்ன? கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர். ஒரு நாகஸ்வரக்காரர், ஒரு நாட்டியக்காரி, அவளை எந்தப் பெரிய மனுஷனுக்குக் கட்டிவைக்கலாம் என்று கணக்குப் போடுகிற தாய், வளைய வருகிற மைனர்கள். பரம்பரையாக ஆடி வந்த குடும்பத்துப் பெண், ஆட்டத்தையும் மானத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் கதையின் முதுகெலும்பு. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியது 1936இல். அவர் ஆட்டம் படித்தது பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். அந்த ஆட்டத்தைக் காலங்காலமாக உடம்பில் வைத்திருந்த பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்து சட்டம் வந்தது 1947இல். ஒரே ஆட்டம், ஒரு பக்கம் அது பள்ளிக்கூடமாக மாறியது, இன்னொரு பக்கம் அதை ஆடிவந்தவர்களின் கதை சினிமாவுக்குப் போனது. மால் ஒரே பாகத்தில் இரண்டையும் படம் பிடித்திருக்கிறார். ஒரு கதையின் இரண்டு பாதியும் அவர் கையில் இருந்தது. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டிருந்தால்கூட அந்த சினிமா எதைப் பற்றியது என்று சொல்லியிருப்பார்.

இதை வைத்து மாலைத் திட்டி முடித்துவிடலாம், சுலபம். ஆனால் அந்த 1968ஆம் வருஷத்து மெட்ராஸ் தெரு, அந்த முகங்கள், ஸ்டூடியோவுக்குள் லைட்டுக்கு நடுவில் நிற்கிற வேலைக்காரர்கள் எல்லாம் இவ்வளவு பொறுமையாக வேறு எந்தப் படத்தில் எனக்குக் கிடைக்கும்? படத்துக்கு நன்றி. குரலைத்தான் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டாம் பாகத்தைப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். வேறு படமாக இருக்கும்.

சரி, மெட்ராஸ் எங்கே, கடமலைக்குண்டு எங்கே? குழுவில் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இல்லை. பதில் இன்னொரு லூயியிடம் இருக்கிறது.

லூயி துமோன் பாரிஸில் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். உலகப் போரில் ஜெர்மன்காரர்களிடம் கைதியாக இருந்தபோது சமஸ்கிருதம் படித்தவர். தெற்குப் பிரான்ஸில் தராஸ்கோன் என்ற ஊர்த் திருவிழாவில் இழுத்துவருகிற ஒரு பூத உருவத்தைப் பற்றி முதலில் புத்தகம் எழுதினார். அப்புறம் தமிழ் படித்துக்கொண்டு மதுரைக்கு மேற்கே வந்து, 1949, 50இல் பிறமலைக் கள்ளர்களிடையே தங்கினார். 1957இல் புத்தகம் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'தென்னிந்தியாவின் ஓர் உட்சாதி: ப்ரமலைக் கள்ளர்களின் சமூக அமைப்பும் சமயமும்'. ஆமாம், அட்டையிலேயே 'ப்ரமலை' என்றுதான் இருக்கிறது. பிறமலையா, புறமலையா, பிரான்மலையா என்று இன்னும் நம்ம ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, பிரெஞ்சு எழுத்து அந்த முதல் உயிரையே முழுங்கிவிட்டது. ஆங்கிலத்தில் இந்தப் புத்தகம் வர 1986 ஆகிவிட்டது. அதுவரைக்கும் சுமார் முப்பது வருஷம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பங்காளி, மாமன், மச்சான் சங்கதி எல்லாம் விலாவாரியாக பிரெஞ்சில்தான் இருந்தது. உசிலம்பட்டியிலிருந்து கணவாய் ஏறி இறங்கினால் ஆண்டிபட்டி. அங்கிருந்து எங்க ஊர். எங்க அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவர். அதாவது, ஐயா, பிரெஞ்சில் கடமலைக்குண்டு நேராக வரவில்லை. ஆனால் எங்க அப்பத்தாவின் ஊர்ப்பக்கம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும். துமோன் வருவதற்கு முன்னாலேயே இந்த மக்களுக்கு ஒரு வகைப் படம் எடுத்தாகிவிட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம். எங்க பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றால்தான் புரியும். கைரேகை, பெயர், அப்பன் பெயர், ஊர். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் மாயக்காள் உள்ளிட்டவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை எடுத்தது 1947இல்தான். ரேகையும் ஒரு படம்தான்: ஆளின் படம், கீழே பெயர். கீழே இருக்கிற பெயர்தான் அங்கே விலங்கு. அது போய் இரண்டே வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து, உங்கப்பா பேர் என்ன, தாத்தா பேர் என்ன, யாருக்கு யார் பெண் கொடுத்தீர்கள் என்று கேட்கிறார். பதிலும் சொல்லியிருக்கிறார்கள்! இதை எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. ரேகை கேட்டவன் ஆளை அடைத்து வைக்கக் கேட்டான், இவர் உட்கார்ந்து கேட்கிறார், காது கொடுக்கிறார் என்கிற வித்தியாசம் அந்த மக்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புத்தகத்தில் போட்டோக்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கோட்டுப்படங்கள். மானுடவியலில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரண்டு கோடு. துமோன் இந்த முக்கோணங்களையும் வட்டங்களையும் வைத்துச் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. ஐரோப்பியர்கள் அதுவரை சொந்தம் என்றால் ரத்தம், கல்யாணத்தால் வருவது ஒட்டு என்று நினைத்தார்கள். நம்ம ஊரில் அப்படி இல்லை, பங்காளி முறை எப்படிப் பரம்பரையாக வருகிறதோ அப்படியே மாமன் மச்சான் முறையும் பரம்பரையாக வருகிறது, மாமனின் சீர் ஒரு கல்யாணத்தோடு முடிவதில்லை, பிள்ளை பிறந்து, காதுகுத்தி, சாவு வரைக்கும் ஓடுகிறது என்று காட்டினார். நமக்கு இது கேட்டவுடன் 'இதுல என்ன இருக்கு' என்று இருக்கும். மாமன் கொண்டுவராத கோடி இல்லாமல் எந்தச் சாவாவது எடுத்திருக்கிறோமா? ஆனால் இதை ஒரு கோட்பாடாக எழுதியது ஒரு பிரெஞ்சுக்காரர். பாரிஸ் மாணவர்கள் இன்றைக்கும் வாசிக்கிற பாடம் இது.

அவர் பிற்பாடு 1966இல் எழுதிய 'ஓமோ இயரார்க்கிகஸ்' பற்றி நிறையப் பேர் நிறையச் சண்டை போட்டாகிவிட்டது. சாதி என்பது தூய்மை, தீட்டு அடிப்படையிலான மேல்கீழ் ஒழுங்கு என்ற வாதம், அதில் அதிகாரமும் நிலமும் அடிபடுகிறவனின் குரலும் இல்லை என்ற எதிர்வாதம். எதிர்வாதம்தான் சரி என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பெரிய புத்தகத்தின் தவறுக்காக இந்தச் சின்ன ஊர்ப் புத்தகத்தைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. ஊரில் உட்கார்ந்து எழுதியவர் வேறு, பாரிஸில் உட்கார்ந்து எழுதியவர் வேறு மாதிரி இருக்கிறார்.

இருந்தாலும் அந்த வட்டம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்க அப்பத்தா ஒரு வட்டம். உள்ளே காலி. தண்டட்டி போட்டு இழுத்த காது, ஒரு நாள் முழுக்கப் பேசினாலும் தீராத வாய், எல்லாம் போய் ஒரு பூஜ்ஜியம். கோட்டுப்படமும் படம்தானே? அதற்குக் கீழே ஏன் பெயர் இல்லை?

கொஞ்சம் திசை மாறுகிறேன், திரும்பி வந்துவிடுவேன். எங்க பக்கம் காதுகுத்துக்கு வைக்கிற ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்திருக்கிறீர்களா? ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கும். நடுவில் குழந்தை, சிங்கமோ புலியோ பக்கத்தில். சுற்றி வட்ட வட்டமாக முகங்கள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் பெயர், பெயருக்கு முன்னால் 'தாய்மாமன்'. எத்தனை தாய்மாமன் என்று எண்ணி முடியாது. பங்காளிகள் தனி வரிசை. துமோன் கையால் வரைந்த படத்தை இன்றைக்கு ஃப்ளெக்ஸ் கடைப் பையன் போட்டோஷாப்பில் வரைகிறான், அதே உறவு, அதே வரிசை. விளக்கம் எழுதினால் ஒரு ஆய்வேடு தேறும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஆண் முகங்கள்தான் எங்கும். குழந்தையின் தாய்க்கு ஒரு ஓரம் கிடைத்தால் உண்டு. துமோனாவது பெண்ணுக்கு வட்டம் போட்டார், நாம் அந்த வட்டத்துக்குள்ளேயும் மாமன் தலையை ஒட்டிவிட்டோம்!

சரி, திரும்பி வருகிறேன். மூன்றாவது ஒரு படம் இருக்கிறது. ழாக் ஓதியார் இயக்கிய 'தீபன்', 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. பாரிஸுக்கு வெளியே ஒரு குடியிருப்பில் காவலாளி வேலை பார்க்கிற ஈழத் தமிழர் கதை. நாயகன் நம்ம எழுத்தாளர் ஷோபாசக்தி, நாயகி சென்னையைச் சேர்ந்த காளீஸ்வரி சீனிவாசன். பிரெஞ்சுப் படம், ஆனால் பெரும்பாலும் தமிழில் பேசுகிறார்கள். இங்கேதான் கணக்கு திரும்புகிறது. மால் படத்தில் தமிழ் ஓசையாக நின்றது, பிரெஞ்சு விளக்கியது. இதில் தமிழ் பேசுகிறது, பிரெஞ்சுக்காரர் குனிந்து கீழே இருக்கிற வரியை வாசிக்க வேண்டியிருக்கிறது. நாற்பத்தைந்து வருஷத்தில் இது சாதாரண மாற்றமா?

கதையும் படக்குறிப்பைப் பற்றிய கதைதான், யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. போரிலிருந்து தப்பி வருகிற ஒரு ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி. மூவருக்கும் ஒருவரோடு ஒருவருக்கு எந்த உறவும் இல்லை. செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட் கிடைக்கிறது. சிவதாசன் தீபன் ஆகிறான். முகம் ஒருவருடையது, கீழே பெயர் இன்னொருவருடையது. அந்தப் பெயருக்குப் பொருத்தமாக இவர்கள் புருஷன், பெண்டாட்டி, மகள் என்று வாழ்ந்து காட்ட வேண்டும். துமோனிடம் உறவு இருந்தது, பெயர் இல்லை. இங்கே பெயர் இருக்கிறது, உறவு இல்லை. ஒரு பொய்யான படக்குறிப்புக்குள் மூன்று பேர் மெல்ல மெல்ல உண்மையாகிறார்கள் என்பதுதான் படத்தின் நல்ல பாதி. கடைசி அரை மணி நேரம் துப்பாக்கியும் புகையுமாக வேறு படம் ஆகிவிடுகிறது. போராளியாக இருந்தவன் என்றால் திரும்பவும் ஆயுதம் தூக்கித்தானே ஆக வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பு. இங்கிலாந்துத் தோட்டத்தில் வருகிற முடிவு இன்னும் மோசம், சோப்பு விளம்பரம் மாதிரி வெளிச்சம். ஓதியாருக்கு முகங்கள் தெரிந்திருக்கின்றன, அவற்றைக் கடைசியில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு எனக்குப் பிடித்த வேலை எது என்று கேட்டால், சினிமாவும் இல்லை, கோட்பாடும் இல்லை. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில் சிற்பங்களின் போட்டோக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியும். அங்கேயே, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப் பிரதி எடுத்து வைத்தார்கள். 1880களிலிருந்து 1980கள் வரை. அதை நடத்தியவர் ஸோயி ஹெட்லி என்ற மானுடவியலாளர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றி என்று பார்த்தால், அதே பிறமலைக் கள்ளர்கள். துமோன் போன பாதையில் வந்தவர், முக்கோணம் வட்டத்திலிருந்து முகத்துக்குப் போயிருக்கிறார். என் தலைப்பைக் கேட்டுச் சிரித்த அறையில் இந்த ஒரு தகவல் என் நாக்கில் இருந்திருந்தால் போதும்.

ஸ்டூடியோ படங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பின்னால் வரைந்த மாளிகைப் படுதா, பூந்தொட்டி வைத்த ஸ்டூல், வயிற்றில் கை வைத்து நிற்கிற பெண், உட்கார்ந்திருக்கிற ஆண். செத்துப்போன புருஷனை ஒட்டுவேலை செய்து பக்கத்தில் உட்கார வைத்த படங்கள்கூட உண்டு. ஈரத்திலும் பூச்சியிலும் போனது போக, கடையை மூடும்போது குப்பைக்குப் போனது போக, மிஞ்சியதுதான் இப்போது கிடைப்பது. மிஞ்சியவற்றிலும் பெரும்பாலான முகங்களுக்குப் பெயர் கிடையாது. ஸ்டூடியோ முத்திரை இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. வீட்டுக்குத் தெரிந்த முகத்துக்கு எதற்குப் பெயர் எழுத வேண்டும் என்று விட்டிருப்பார்கள்.

எங்க வீட்டிலும் ஒன்று இருக்கிறது. மூன்று பெண்கள் நிற்கிறார்கள். நடுவில் இருப்பது அப்பத்தா, இருபது வயசு இருக்கும். இடது பக்கம் அவர் தங்கச்சி, எங்களுக்குச் சின்ன அப்பத்தா, இன்னும் இருக்கிறார். வலது பக்கம் நிற்கிறவர் யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. பின்பக்கம் வெறுமை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது படத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சின்ன அப்பத்தா வீட்டுக்குப் போனேன். பெயர் எழுதி வைத்துவிடணும் என்று எண்ணம்.

"அப்பத்தா, இது யாரு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவளா? கருமாத்தூர்ப் பெரியமாமன் மகளப்பா. ஒங்க அப்பனுக்கு அத்த முற ஆகணும். ஒங்க தாத்தாவுக்குத்தான் மொதல்ல இவளக் கேட்டாக. அப்புறம் கேணிப் பக்கத்துக் காட்டுல பிரச்சன வந்துருச்சு."

"பேரு என்ன அப்பத்தா?"

"மாமன் மகதான். மச்சினின்னுதான கூப்பிடுவோம்."

துமோன் பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். வட்டம் சரிதான், அப்பத்தாவே வட்டம்தான் போடுகிறார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அந்த மனுஷன் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை அந்தத் திண்ணையிலேயே இறக்கி வைக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் அப்பத்தா நிறுத்தவில்லை.

"காதப் பாரு. அந்தக் காலத்துலயே அறுத்துத் தச்சுக்கிட்டா. மதுரைக்குப் போயி, ஆருகிட்டயும் சொல்லாம. வந்தப்ப ஊரே பேசுச்சு. போட்டா புடிக்கணும்னு சொன்னதே அவதேன். தச்ச காதக் காட்டணும்னு."

படத்தை வாங்கி மறுபடி பார்த்தேன். இவ்வளவு நாளும் கவனித்ததே இல்லை. மற்ற இரண்டு பேரும் நேராக கேமராவைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் கொஞ்சம் முகத்தைத் திருப்பி நிற்கிறார், வலது காது தெரிகிற மாதிரி. சின்னத் தோடு.

பின்பக்கம் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா காபி போட எழுந்து போனார். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "ஒச்சாயின்னு நெனைக்கேன். இல்ல, அது அவ அக்கா பேரு. இருய்யா, ராத்திரிக்குள்ள ஞாபகம் வந்துரும்."